அக்காவின் கண்மட்டம்

நான் கட்டடக் கலைஞர். ஒஸ்லோவில் கடல்நீர் தெரியும் சரிவொன்றில் அக்காவின் குடும்பத்துக்கு வீடு வரைந்தபோது, மாதக்கணக்காக என் கை ஓயவில்லை. கூரையும் சுவரும் மர ஓடுகள் போர்த்திய பழைய பாணி வீடு. கடலைப் பார்த்த விறாந்தையின் தடுப்புச்சுவரையும் அதே ஓடுகளால் மூடியிருந்தேன். நகரின் புறத்தே குரோருட்டின் அடுக்குமாடியில் வளர்ந்த எங்கள் இருவருக்கும் அந்த விறாந்தைதான் பெரிய ஆசை. ஆனாலும் ஏதோ பிழையென்று மனம் அரித்தது. ஜன்னலை நகர்த்தினேன், அறைகளை மாற்றினேன். நிம்மதி வரவில்லை.

ஒருநாள் காணியில் அந்த விறாந்தைச் சுவரின் உயரத்துக்குப் பலகை நிறுத்திக் காட்டினேன். நோய் வந்தபின் எழுந்து நிற்க முடியாத அக்கா, சக்கர நாற்காலியிலிருந்து பார்த்தாள்.

"தண்ணி தெரியுதோ?" என்று கேட்டேன்.

"எனக்குப் பலகைதான் தெரியுது."

"படத்தைப் பார்க்கேக்கை ஏன் சொல்லேல்லை?"

"நீ ஆசையாக் கீறினனீ. அதுதான் பேசாமல் இருந்தனான்."

அவளருகே ஈர மண்ணில் குந்திப் பார்த்தேன். கடலே இல்லை. என் வரைபடத்தில் எல்லோரும் நின்றுகொண்டே இருந்திருக்கிறார்கள். அன்றே சுவரை முழங்கால் உயரத்துக்குக் குறைத்து, மேலே மெல்லிய கம்பிகள் வரைந்தேன்.

வீடு முடிந்து அவர்கள் குடிவந்த காலையில், அக்கா விறாந்தையிலிருந்து கூப்பிட்டாள்.

"இஞ்சை வா, கப்பல் போகுது!"

போனேன். ஆனால் அவளுடைய நாற்காலிக்கு வாசல் போதுமா என்று குனிந்து அளந்துகொண்டிருந்தேன்.

"எல்லாம் சரியாத்தான் இருக்கு," என்று என் கையைப் பிடித்து இழுத்தாள். "கொஞ்சம் இரு."