ஆப்ப மாவில் விழுந்த காந்தச் செல்கள்

அன்று சாயங்காலம் தென்காசி வீட்டில் இருந்தது அம்மா, மைக் செட் கடை வைத்திருக்கும் மாமா, நான். அப்பா இல்லை, வெங்காய லோடோடு ஆலங்குளம் போயிருந்தார். இருந்திருந்தால் மூவருக்கும் அடி விழுந்திருக்கும்.

மறுநாள் ஒரு கல்லூரியில் தற்காலிக விரிவுரையாளர் வேலைக்கு நேர்காணல். பாடம் நடத்திக் காட்ட வேண்டும். எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். வேலை கிடைத்தே ஆக வேண்டும். உயிருள்ள செல்களுக்கு, அவற்றைச் சாகடிக்காத காந்த நுண்துகள்களால் அடையாளம் இடுவதுதான் என் ஆராய்ச்சி. பேக்கரியில் ஈஸ்ட் வாங்கிக் கரைத்து, ஆய்வகத்திலிருந்து கொண்டுவந்திருந்த ஒரே ஒரு குப்பித் துகளையும் அதில் கலந்தேன். துகள் செல்லின்மேல் ஒட்டிக்கொள்ளும். காந்தம் இழுத்தால் செல்லும் கூடவே வரும். காந்தம், மாமா பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிக் கொடுத்தது.

அதை டம்ளரில் ஊற்றி அடுப்படியில் வைத்தது தப்பு. ஆப்ப மாவுக்கு ஈஸ்ட் கரைத்து வைக்கும்படி அம்மா சொன்னதை மறந்தது அதைவிடத் தப்பு. குளித்துவிட்டு வந்தால் டம்ளர் காலி.

"பழுப்பா இருந்துச்சு. சீனி இல்லன்னு கருப்பட்டி போட்டுட்ட போலன்னு மாவுல ஊத்திட்டேம்லே."

"எம்மா, அது ஆராய்ச்சி!"

"ஆராய்ச்சிய எவனாவது டம்ளர்ல வைப்பானாலே?"

மாமா சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டார். "மருமவனே, இழுத்தா வரும்னு சொன்னேல்லா? இப்ப வரவச்சுக் காட்டு பாப்போம்."

கெட்டி மாவில் எதுவும் நகரவில்லை. அம்மா கத்தக் கத்த, மாமா மாவைப் பிளாஸ்டிக் வாளியில் கொட்டித் தண்ணீர் ஊற்றிக் கஞ்சியாக்கினார். வாளிக்கு வெளியே காந்தத்தை வைத்துக் காத்திருந்தோம். கை வலித்த பிறகு, உட்பக்கம் பழுப்பாக ஒரு அரும்பு மீசை முளைத்தது. அம்மாதான் முதலில் பார்த்தாள். "ஏலே, வருதுலே!"

மீசையை வழித்துக் குப்பியில் அடைத்தேன். மறுநாள் காந்தத்தின் பக்கம் செல்கள் ஒதுங்கியதும், "கூட வெள்ளையா என்ன தம்பி?" என்றார் நேர்காணல் செய்தவர்.

"அரிசி மாவு, சார். கூட்டத்திலிருந்து நமக்கு வேண்டிய செல்லை மட்டும் பிரிக்கலாம் என்று காட்டத்தான்" என்றேன், கூசாமல்.

அங்கேயே வேலைக்குச் சேரச் சொல்லிவிட்டார்கள்.

ஒரு வாரத்துக்கு மாவாட்ட முடியாது என்று அம்மா உட்கார்ந்துவிட்டதால், அன்று மதியம், லோடு இறக்கிவிட்டுத் திரும்பியிருந்த அப்பாவோடு நால்வரும் குற்றாலம் போய்ப் பரோட்டாவும் நாட்டுக்கோழியும் தின்றோம். வேலை கிடைத்ததற்கு விருந்து என்று நினைத்து, அப்பாவே பில்லைக் கட்டினார்: ஆயிரத்து நூற்று எண்பது ரூபாய்.