பர்விஸ் தீர்ப்பும் வெர்லீனின் பேருந்தும்

மிசிசிப்பியின் அந்தச் சின்ன ஊரில், பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர்கள் வண்டியைத் தங்கள் வீட்டு வாசலிலேயே நிறுத்திக்கொள்வது வழக்கம். வெர்லீன் டாக்கெட்டின் மஞ்சள் பேருந்து விடியற்காலையில் உறுமினால் தெருவே எழுந்துவிடும். திட்டுகிறவர்கள் திட்டினார்கள். அவளுக்கோ அதில் கொஞ்சம் கர்வம்தான், இருக்கட்டுமே. அந்த வண்டியில் ஏறும் பிள்ளை மேயரின் பேரனே ஆனாலும் "மிஸ் வெர்லீன்" என்றுதான் கூப்பிட வேண்டும்.

தண்டவாளத்துக்குத் தெற்கே கறுப்பர்கள், வடக்கே வெள்ளையர்கள். பக்கத்துக்கு ஒரு உயர்நிலைப் பள்ளி. இரண்டிலும் பிள்ளைகளைக் கலந்து படிக்கவைக்க வேண்டும் என்று நீதிமன்றம் சொல்லி இருபது வருஷம் ஆகப்போகிறது. வழக்குப் போட்டவர்களில் முதல் பெயர் ஆல்டன் பர்விஸ், வெர்லீனின் அப்பா. ஊரில் அதற்குப் பர்விஸ் தீர்ப்பு என்றே பெயர் நிலைத்துவிட்டது. வழக்குப் போட்ட வருஷம் ஆலைக்காரன் அவருடைய பருத்தியை வாங்காமல் வண்டியோடு திருப்பி அனுப்பினான். மனுஷன் அசரவில்லை. வடக்குப் பள்ளிக்குள் முதல் கறுப்புப் பிள்ளையாகத் தன் மகள் வெர்லீனை அனுப்பிவைத்தார். அவள் அங்கே படித்த காலம் முழுக்க மதியச் சாப்பாட்டைக் கழிப்பறையில் உட்கார்ந்து சாப்பிட்டாள். அப்பாவிடம் அதைக் கடைசிவரை சொல்லவில்லை. இப்போது சொல்லலாம் என்றால் அவரே இல்லை.

இப்போது அவளுடைய மகள் டெல்ஃபைனும் அதே வடக்குப் பள்ளியில்தான் படித்தாள். எந்தத் தெருப் பிள்ளைக்கு எந்தப் பள்ளி என்று கோடு போட்டவர்கள் அப்படிப் போட்டிருந்தார்கள். ஒருநாள் சாயங்காலம், ஓட்டுநர் இருக்கைக்கு மேலே இருக்கும் கண்ணாடியில் வெர்லீன் பார்த்தாள். கடைசி இருக்கையில் குனிந்தபடி, காலையில் கட்டிக்கொடுத்த கோழி ரொட்டியை மகள் அவசர அவசரமாகத் தின்றுகொண்டிருந்தாள். மறுநாளும் அப்படியே. மற்றப் பிள்ளைகள் இறங்கியதும் வெர்லீன் கேட்டாள்.

"மத்தியானம் ஏண்டி சாப்பிடல?"

"பசிக்கல மம்மா."

"பஸ்ஸுல ஏறினதும் மட்டும் பசிக்குதாக்கும்?"

டெல்ஃபைன் ரொட்டி சுற்றிய தாளை மடித்தாள். "நான் போய் உக்காந்தா அந்த மேசையில இருக்கிறவங்க எந்திரிச்சுப் போயிடறாங்க. சண்டையெல்லாம் ஒண்ணும் இல்ல. சிரிச்சுக்கிட்டேதான் போறாங்க. என்னைத் தெற்குப் பள்ளிக்கு மாத்திடு மம்மா."

மாவட்டக் கல்வி அலுவலகத்தில் மாற்றல் மனுக்களைப் பார்ப்பவள் திருமதி கிரென்ஷா. வெளியூரிலிருந்து வாக்கப்பட்டு வந்தவள், கெட்டவள் இல்லை. மனுவைப் படித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள்.

"தெற்குல ஏற்கெனவே கறுப்புப் பிள்ளைங்கதான் ஜாஸ்தி, வெர்லீன். இன்னொண்ணை அனுப்பினா பர்விஸ் தீர்ப்பை மீறினதா ஆயிடும். உங்க ஜனங்க கேட்டு வாங்கினதுதானே அது?"

அப்பா பெயரைச் சொல்லியே அவர் பேத்திக்குக் கதவை அடைக்கிறார்கள். வெர்லீன் மனுவை வாங்கிக்கொண்டு எழுந்து வந்தாள்.

தேவாலயத்தில் அவளோடு பாடும் சிஸ்டர் ஓபல் கேட்டுவிட்டுச் சிரித்தாள். "தெற்குப் பள்ளிக்கூடப் பக்கம் இருக்கிற உன் தங்கச்சி விலாசத்தைக் குடுக்க வேண்டியதுதானே? இந்த ஊர்ல பாதிப் பிள்ளைங்க தூங்குறது ஒரு வீடு, பேப்பர்ல இருக்கிறது வேற வீடு."

"என் வாசல்ல நிக்கிறது என்ன சைக்கிளா, கொல்லையில ஒளிச்சு வைக்க? நான் எங்க இருக்கேன்னு ஊருக்கே தெரியும்."

வெர்லீன் மறுபடி அலுவலகத்துக்குப் போனாள். ஊழியர்களின் பிள்ளைகள் மட்டும் தாயோ தகப்பனோ வேலை செய்யும் பள்ளியிலேயே படிக்கலாம் என்று ஒரு விலக்கு உண்டு.

"நான் தெற்குப் பள்ளிக்கும்தானே மேடம் பஸ் ஓட்டறேன்?"

"அது போக்குவரத்துப் பிரிவு. அந்தக் கட்டடத்துக்குள்ள வேலை பாக்கணும்." கிரென்ஷா தயங்கிவிட்டுச் சொன்னாள். "அங்க சமையலறையில ஒரு ஆள் வேணும். சம்பளம் உனக்குக் குறைஞ்சுடும்."

சம்பளம்கூடப் பெரிதில்லை. வண்டியை விட வேண்டுமே. அதைவிட, அப்பா பருத்தியையும் நிம்மதியையும் இழந்து வாங்கிக்கொடுத்த இடத்தை அவர் மகளே வேண்டாம் என்று திருப்பிக் கொடுப்பதா? வெர்லீன் சரியாகச் சாப்பிடாமல் கிடந்தாள். பாட்டுப் பயிற்சிக்கு வந்த இடத்தில் ஓபல்தான் அவளைப் பிடித்து உலுக்கினாள்.

"உங்கப்பா கதவைத் திறக்கத்தான் கேஸ் போட்டாரு. பிள்ளைய உள்ள தள்ளிப் பூட்டச் சொல்லலையே."

சமையலறை வேலைக்கான விண்ணப்பத்தைக் கிரென்ஷாவே நிரப்பினாள். கல்யாணத்துக்கு முந்தைய பெயரையும் கேட்டாள்.

"பர்விஸ்."

பேனா நின்றது. "அந்த பர்விஸா?"

"எங்கப்பா, மேடம்."

கிரென்ஷாவின் முகம் சிவந்துபோயிற்று. மீதிக் கட்டங்களையும் நிரப்பி முடித்தாள். பிறகு, "திங்கட்கிழமை வேலைக்கு வாங்க, திருமதி டாக்கெட்," என்றாள்.

வெர்லீன் பேருந்துச் சாவியைக் கொடுத்துவிட்டு நடந்தே வீட்டுக்கு வந்தாள். வாசல் வெறிச்சென்றிருந்தது. அன்றைக்கு அவள் அழுதாள், அதை மறைப்பானேன்.

டெல்ஃபைன் தெற்குப் பள்ளியில் சேர்ந்த முதல் வாரமே அது நடந்தது. தலையில் வலையும் கையில் கரண்டியுமாக வெர்லீன் சோளரொட்டி வைத்துக்கொண்டிருந்தாள். டெல்ஃபைன் ஒரு கும்பல் பெண்களோடு வரிசையில் வந்தாள். யாரோ எதையோ சொல்ல, குலுங்கக் குலுங்கச் சிரித்தபடி தட்டை நீட்டினாள். வெர்லீன் இரண்டு துண்டு வைத்தாள்.

"தேங்க்யூ மேம்," என்றாள் டெல்ஃபைன். வைத்தது யார் என்று நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. பேச்சு சுவாரஸ்யத்தில் அப்படியே நகர்ந்து போய், இடமில்லாத ஒரு மேசையில் நெருக்கியடித்து உட்கார்ந்தாள்.

பெற்ற தாயைத் தெரியவில்லையா என்று உடன் வேலை செய்தவள் கேலி செய்தாள். வெர்லீனுக்கு அது காதில் விழவே இல்லை. மணி அடித்ததும் கழுவுகிற இடத்துக்கு அவளே போய் நின்றாள். டெல்ஃபைனின் தட்டு ஒரு துணுக்குகூட மிச்சமில்லாமல் வந்தது.