சாம்பல் நிறச் சுடிதார்

என் பீரோவின் மேல்தட்டில் ஒரு சாம்பல் நிறச் சுடிதார் விலைச்சீட்டுகூடக் கிழிக்காமல் நெடுநாள் கிடந்தது. அண்ணனைக் கட்டிக்கொண்டு மயிலாடும்பாறையிலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்த மதினி, முதல் தீபாவளிக்குத் தேனியில் கடை கடையாக ஏறி எனக்கென்று எடுத்தது. சொட்டு ஈரம் பட்டாலும் கறுத்துக் காட்டிக்கொடுக்கும் நிறம் அது. என் வியர்வையைப் பற்றி அப்போது அவருக்குத் தெரியாது.

எனக்கு உகந்த நிறங்கள் மூன்றுதான்: கறுப்பு, வெள்ளை, நெருக்கமாகப் பூப்போட்டது. மேலே துப்பட்டா, கைப்பையில் மாற்றுத்துணி, அக்குளில் பஞ்சுத் துண்டு. மார்கழிக் குளிரிலும் அக்குள் வியர்வை இடுப்புவரை வழியும். இரத்தப் பரிசோதனை, மருந்துக்கடைப் பூச்சு, அம்மாவின் வெந்தயத் தண்ணீர் எல்லாம் பார்த்தாயிற்று. உடல்சூடு என்று வீட்டில் முடிவுகட்டிவிட்டார்கள்.

கம்பத்துப் பக்கம் எங்களுக்குத் திராட்சைத் தோட்டம். பந்தல் தலைக்கு மேல் படர்ந்திருக்கும்; கொடி கட்டுவது, கவாத்து செய்வது, குலை அறுப்பது எல்லாமே கையைத் தூக்கியபடிதான். படிப்பைச் சாக்குச் சொல்லி அதற்குள் போகாமல் தப்பித்தேன். பாலிடெக்னிக்கில் மின்னணுவியல் ஆசிரியையாகச் சேர்ந்த பிறகுதான் கரும்பலகையும் ஒரு பந்தல் என்று புரிந்தது. கீழ்ப்பாதியில் மட்டும் எழுதினேன். "மேடம், கொஞ்சம் மேல எழுதுங்க. எங்களுக்கு முன்னாடி பெஞ்சு சடைதான் தெரியுது" என்றாள் ஒரு மாணவி. வகுப்பே சிரித்தது. அன்று மாலை, ஆசைப்பட்டுச் சேர்ந்த அந்த வேலையை விடப்போவதாக வீட்டில் சொன்னேன்.

மதினி மட்டும் ஏன் என்று கேட்கவில்லை. கொடியில் காயும் என் சட்டைகளின் அக்குளை அவர் கவனித்திருக்கிறார். மொட்டைமாடிக்கு வந்து, "ஏத்தா, இதுக்குப் போயா வேலைய விடுற? கரண்டப் பத்திப் படிச்ச புள்ள நீ. இதுக்கொரு மிசினு இருக்கான்னு ஒனக்குத் தெரியாமயா போச்சு?" என்றார். தெரிந்துதான் இருந்தது. மருத்துவர் முன்னால் வாய்விட்டுச் சொல்லத்தான் கூச்சம்.

மதுரையில் ஒரு தோல் மருத்துவரிடம் அவரே என்னைக் கூட்டிப்போய், என் சார்பில் எல்லாவற்றையும் சொன்னார். உயர் அதிர்வெண் மின்காந்த அலை, தோலுக்கடியில் வியர்வைச் சுரப்பிகள் இருக்கும் அடுக்கைச் சூடாக்கி அழிக்கும்; மேல்தோல் வேகாதபடி கருவியே குளிர்வித்துக்கொண்டிருக்கும் என்றார் அந்த மருத்துவர் அம்மா. வியர்வை அடியோடு நிற்காது, வெகுவாகக் குறையும் என்பதையும் மறைக்கவில்லை.

"சோறு சூடு பண்ற பொட்டியில இருக்கறதுதானே இது?" என்றார் மதினி.

"அதே சாதி அலைதாம்மா."

"அப்ப எங்க புள்ளைய அவிச்சுப்புடாதீக."

அக்குளில் கட்டம் கட்டமாக மை ஒற்றி, மரத்துப்போக ஊசிகள் போட்டு, ஒவ்வொரு கட்டமாகக் கருவியை வைத்தார்கள். வலித்தது ஊசி மட்டும்தான். நான் அலைநீளத்தை மனக்கணக்காகப் போட்டுக்கொண்டிருந்தேன். மதினி என் கால் கட்டைவிரலை விடவேயில்லை.

வீட்டுக்கு வந்ததும் அக்குள் இரண்டும் பந்துபோல் வீங்கின. குளிர் ஒத்தடம் கொடுக்கச் சொல்லியிருந்தார்கள். எங்கள் ஃப்ரீசரிலோ ஐஸ் தட்டுக்கே இடமில்லை; ஜூஸுக்கென்று அடைத்த பன்னீர் திராட்சை உறைந்து கிடந்தது. மதினி அதைத் துண்டில் முடிந்து இரண்டு அக்குளிலும் வைத்தார். பிறகு மூட்டைகளை அப்படியே ஃப்ரீசரில் போட்டுவிட்டார். மறுநாள் அதையெடுத்து ஜூஸ் அடித்துக் குடித்த அண்ணன், "இந்த வெள்ளாமையில நல்ல இனிப்பு" என்றார். மதினி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் ஓடினார். அண்ணனுக்கு இன்றுவரை தெரியாது.

வீக்கம் வடிந்து, மரமரப்பு மட்டும் மிச்சமிருந்த ஒரு காலையில் சாம்பல் நிறச் சுடிதாரின் விலைச்சீட்டைக் கிழித்தேன். வகுப்பில் பலகையின் மேல்விளிம்பிலிருந்து தொடங்கினேன். கடைசி பெஞ்சுவரை எல்லாரும் எழுதிக்கொண்டார்கள். சாயங்காலம் பேருந்தைவிட்டு இறங்கி நேரே தோட்டத்துக்குப் போனேன். அறுப்பு நடந்துகொண்டிருந்தது.

"கையத் தூக்கு, பாப்போம்" என்றார் மதினி. தூக்கினேன். சுற்றிவந்து பார்த்தவர், "சும்மா தூக்கிக்கிட்டு நிக்கவா வந்த? அந்தக் குலைய அறு" என்று கத்தரியைக் கையில் திணித்தார்.

இப்போதும் அந்தச் சுடிதாரைப் போட்டுக்கொண்டுதான் வகுப்புக்குப் போகிறேன். துவைத்துத் துவைத்து வெளுத்துவிட்டது. வலது அக்குளுக்குக் கீழே மட்டும் எதற்கும் போகாத ஒரு கறை இருக்கிறது. திராட்சைச் சாறு.