தப்பாகக் கொடுத்த சுருதி

அவளுக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று உண்டு. யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. நான்கு வயதில் ஒருநாள் தகர வாளி ஒன்று தரையில் விழுந்து உருண்டது. "நாலு கட்டை" என்று சொல்லிவிட்டு அவள் பாட்டுக்கு விளையாடப் போய்விட்டாள். அக்கா ஓடிப்போய் அப்பாவின் ஆர்மோனியத்தில் நாலாவது வெள்ளைக் கட்டையை அழுத்திப் பார்த்தாள். அச்சு அசலாக வாளியின் சத்தம். அன்றைக்கு அக்கா சூட்டிய பெயர் சுருதிப்பெட்டி. நாற்பத்துநாலு வயதாகியும் அது போகவில்லை.

மற்றவர்கள் நிறத்தைப் பார்த்ததும் சிவப்பு, பச்சை என்று சொல்வார்கள். அவளுக்குச் சத்தம் அப்படி. கொதிக்கும் குக்கர், பக்கத்து வீட்டு அழைப்பு மணி, மாமாவின் தும்மல் எல்லாவற்றுக்கும் ஒரு கட்டை உண்டு. சும்மா இருக்கும்போது "ஒரு ரெண்டு கட்டை குடுடி" என்றால் எந்த வாத்தியத்தையும் தொடாமல் குடுப்பாள். இதனால் வாழ்க்கையில் பெரிய சுகம் ஒன்றும் இல்லை. சுருதி சேராமல் பாடும் கல்யாணக் கச்சேரிகளில் சாப்பாடு இறங்காது, அவ்வளவுதான்.

இந்தக் காதை வைத்துப் பெயர் வாங்கியவர் வேறொருவர். ஊரின் பெரிய பாடகர் குழுவை நடத்தியவர். எல்லோரும் மாஸ்டர் என்பார்கள். சுருதிப்பெட்டி அவரிடம் பதினோரு வருஷம் பியானோ வாசித்தாள். ஒவ்வொரு கச்சேரியிலும் கடைசிப் பாட்டு வாத்தியம் இல்லாமல் குரல் மட்டும். அதற்கு முன்னால் மாஸ்டர் ஒரு வித்தை காட்டுவார். பியானோ மூடியைப் படாரென்று சாத்துவார். கண்ணை மூடி ஒரு விரலைத் தூக்கி, காற்றிலிருந்து பறித்தமாதிரி சுருதியை முனகுவார். குழு அதைப் பிடித்துக்கொண்டு பாடும். பாட்டு முடிந்ததும் மூடியைத் திறந்து அந்தப் பாட்டுக்குரிய கட்டையை ஒரு தட்டுத் தட்டுவார். இம்மி பிசகாமல் அதே சுரம். அரங்கம் எழுந்து நின்று கைதட்டும். "பிறவியிலேயே வந்ததுங்க, சொல்லிக் குடுத்து வராது" என்று பேட்டிகளில் சொல்வார்.

பிறவியிலேயே வந்தது உண்மைதான், ஆனால் அவருக்கு இல்லை. முந்தைய பாட்டுக்கான கைதட்டல் அடங்குவதற்குள், தாள்களைப் பொறுக்குகிற சாக்கில் குனிந்து, உதட்டைத் திறக்காமல் சுருதிப்பெட்டி அந்தச் சுரத்தை முனகுவாள். பியானோமேல் சாய்ந்து நிற்கும் மாஸ்டருக்கு மட்டும் அது கேட்கும். முதல் வருஷம் "ஒரு சின்ன உதவிம்மா" என்று கேட்டுக்கொண்டார். இரண்டாம் வருஷத்திலிருந்து கேட்கவும் இல்லை.

அதே குழுவில், உயரச் சுரங்களைப் பாடும் மேல்குரல் வரிசையில் அக்கா பாடினாள். அக்காவுக்குத் தையல் தொழில். மெஷின் ஓடும்போது எழும் ரீங்காரத்தையே சுருதியாக வைத்துப் பாடிக்கொண்டே தைப்பாள். துணி கொடுக்க வந்தவர்கள் வேலை முடிந்தும் உட்கார்ந்திருப்பார்கள்.

ஆறு வருஷத்துக்கு முந்தைய ஒரு கச்சேரியில் கைதட்டல் வழக்கத்தைவிடப் பலமாக இருந்தது. முனகியது மாஸ்டர் காதில் சரியாக விழவில்லை. ஏதோ ஒன்றைப் பிடித்தார். இரண்டு கட்டைப் பாட்டு மூன்று கட்டையில் கிளம்பியது. பாட்டின் உச்சியில் அக்கா தனியாக ஒரு வரி பாடவேண்டும். ஏற்கெனவே எட்டிப் பிடிக்கவேண்டிய இடம், இன்னும் மேலே போய்விட்டது. அக்காவின் குரல் கிழிந்தது. அன்றைக்கு மாஸ்டர் பியானோ மூடியைத் திறக்கவில்லை. திரைக்குப் பின்னால் முப்பது பேர் முன்னிலையில், "காது இல்லாதவங்களைச் சேர்த்தது என் தப்பு. நாளையிலேருந்து வரவேண்டாம்" என்றார்.

சுருதிப்பெட்டி அங்கேயேதான் நின்றாள். என்ன நடந்தது என்று தெரிந்த ஒரே ஆள். பியானோ வேலை, மாஸ்டரின் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வேலை, எல்லாம் அவர் கையில் இருந்தது. வாயைத் திறக்கவில்லை. வீட்டுக்கு வந்த அக்கா, "எனக்கு நிஜமாவே காது இல்லையாடி?" என்று கேட்டாள். "அதெல்லாம் இல்லக்கா" என்று மட்டும் சொன்னாள். அன்றிலிருந்து அக்கா பாடவில்லை. மெஷின் மட்டும் தன்னந்தனியாக ஐந்தரைக் கட்டையில் ஓடிக்கொண்டிருந்தது. அடுத்த அறையில் சுருதிப்பெட்டி அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். மாஸ்டரை எப்படியெல்லாம் மூக்கறுக்கலாம் என்று கறுவிக்கொண்டே ஆறு வருஷம் அவருக்குச் சுருதி கொடுத்தாள்.

குழுவின் வெள்ளிவிழாவுக்கு, அக்காவின் குரல் கிழிந்த அந்தப் பழைய பாட்டையே மறுபடியும் எடுத்தார்கள். அதே இரண்டு கட்டை. பட்டியலைப் பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. அன்றைக்குத் தவறுதலாகப் போனதை இன்றைக்கு வேண்டுமென்றே செய்தால் போதும். இந்தத் தடவை சுரம் தெளிவாகக் காதில் விழும், சந்தேகம் வராது; முடிவில் அவரே மூடியைத் திறந்து இரண்டைத் தட்டுவார். குழு பாடியது மூன்று என்று ஊரே கேட்கும். அவளைக் குற்றம் சொல்லவும் முடியாது. சொன்னால் பதினோரு வருஷத்து வித்தை வெளியே வந்துவிடும். கத்தியைத் தீட்டுகிறவன்போல அதை நினைத்து நினைத்து ரசித்தாள்.

விழா அன்று கைதட்டல் எழுந்தது. குனிந்தாள். மூன்று கட்டையை நிதானமாக, தெளிவாக முனகினாள். மாஸ்டர் மூடியைச் சாத்தினார், விரலைத் தூக்கினார், பறித்தார். பாட்டு கிளம்பியது.

உச்சி வரியை இப்போது பாடுபவள் ஒரு பல் மருத்துவரிடம் உதவியாளராக இருந்த சின்னப் பெண். முகமெல்லாம் சிவக்க எட்டினாள். எட்டவில்லை. குரல் அதே இடத்தில் கிழிந்தது. சுருதிப்பெட்டி இதைக் கணக்கில் வைத்திருந்தாள். அது ஒரு நிமிஷத்துக் கஷ்டம், பாட்டு முடிந்ததும் சரியாகிவிடும் என்று நினைத்திருந்தாள்.

மாஸ்டர் பாட்டை முடிக்க விடவில்லை. கையைத் தூக்கி நிறுத்தினார். அரங்கத்தைப் பார்த்துச் சிரித்தார். "மன்னிக்கணும். ஒரு குரல் மட்டும் சுருதி விட்டுடுச்சு. சில பேருக்குக் காது அமையறதில்லை." பிறகு அந்தப் பெண்ணிடம், "நீ கீழே இறங்கிடும்மா. நாங்க முதல்லேருந்து எடுக்கறோம்" என்றார். அந்தப் பெண் தலைகுனிந்தபடி படியில் இறங்கினாள். கால் இடறியது.

மறுபடியும் எடுக்கவேண்டுமானால் மறுபடியும் சுருதி வேண்டும். இப்போது கைதட்டல் இல்லை, குண்டூசி விழுந்தால் கேட்கும் அமைதி. மாஸ்டர் விரலைத் தூக்கிக் கண்ணை மூடினார். கொஞ்ச நேரம் கழித்து ஒரு கண்ணை மட்டும் திறந்து பியானோ பக்கம் பார்த்தார்.

சுருதிப்பெட்டி எழுந்தாள். "எடுங்க மாஸ்டர். பிறவியிலேயே வந்ததாச்சே."

"நீ உக்காரு" என்றார் பல்லுக்குள்.

"அந்தப் பொண்ணு மேல தப்பில்ல. பாட்டு ரெண்டு கட்டை. நீங்க எடுத்தது மூணு. மூணுன்னு நான்தான் முனகினேன், வேணும்னே. பதினோரு வருஷமா நான்தான் முனகிக் குடுக்கறேன். இல்லேன்னா இப்ப நீங்களே ரெண்டு குடுங்க, கேப்போம்."

குழுவில் முப்பது பேரும் மாஸ்டரைப் பார்த்தார்கள். அவர் திருதிருவென்று விழித்தார். வேறு வழியில்லாமல் எதையோ முனகினார். முனகும்போதும் பழக்கதோஷத்தில் அவர் கண் சுருதிப்பெட்டியின் உதட்டுக்குத்தான் போனது. அவள் கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டாள். முன்வரிசையில் யாரோ சிரித்துவிட்டார்கள். அவள் மூடியைத் திறந்து இரண்டாவது கட்டையை ஒரு தட்டுத் தட்டினாள். மாஸ்டர் முனகியது இரண்டும் இல்லை, மூன்றும் இல்லை.

"இதே மாதிரி ஆறு வருஷத்துக்கு முன்னாடி எங்க அக்காவையும் அனுப்பினாரு. அன்னைக்கும் அக்கா மேல தப்பில்ல" என்று சொல்லிவிட்டு, படியில் நின்ற பெண்ணைக் கையைப் பிடித்து மேலே ஏற்றிவிட்டு, பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். வேலை போய்விட்டது என்று தெரியும். தெருவில் நடக்கும்போது உடம்பு லேசாக இருந்தது.

அக்கா ஒரு ரவிக்கைக்குக் கை வைத்துக்கொண்டிருந்தாள். வாயில் இரண்டு ஊசி. சுருதிப்பெட்டி நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். அக்கா ஊசிகளை எடுத்து வைத்துவிட்டு, "அவன் மூஞ்சி எப்படி இருந்துச்சு?" என்று கேட்டாள். சுருதிப்பெட்டி திருதிருவென்று விழித்துக் காட்டினாள். அக்கா இன்னொரு தடவை காட்டச் சொன்னாள். இருவரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள்.

சிரிப்பு அடங்கியதும் அக்கா துணியை மடியில் எடுத்துப் போட்டுக்கொண்டாள்.

"அந்தப் பொண்ணு உனக்குச் சொந்தமா?"

"இல்லக்கா. பேர்கூட சரியாத் தெரியாது."

"அவளுக்காக ஒரு நிமிஷத்துல எழுந்து நின்னுட்டே" என்றாள் அக்கா. கோபமே இல்லாத குரல். "எனக்கு ஆறு வருஷம் ஆச்சுடி."

மெஷினை ஓட்டத் தொடங்கினாள். அடுத்த தையல் கோணிப்போயிற்று. பிரித்துவிட்டு மறுபடியும் தைத்தாள்.