படக்காரம்மா பார்த்த எட்டாவது வண்டி

வண்டி வாங்கப் போன இடத்தில், உடுத்தியிருக்கும் நல்ல துணியோடு தரையில் படுத்து, அந்த வண்டியின் வயிற்றை என்றைக்காவது பார்த்திருக்கிறீர்களா? பளபளப்பைத் தடவிப் பார்த்திருப்பீர்கள். ரேடியோவைத் திருகியிருப்பீர்கள். கதவைச் சாத்தி, அந்தச் சத்தத்தைக் கேட்டு, எல்லாம் புரிந்தவர் போலத் தலையாட்டியிருப்பீர்கள். படக்காரம்மா அந்த ரகம் இல்லை. பழைய வண்டிகள் விற்கும் முற்றம் எதுவானாலும், முதல் வேலையாக ஒரு பிளாஸ்டிக் விரிப்பைப் போட்டு மல்லாந்து உள்ளே நுழைந்துவிடுவார். வெளியே இரண்டு கால்கள் மட்டும் தெரியும். வண்டிக்கு அடியிலிருந்து குரல் வரும்: “இது ஏன் இங்க மட்டும் ஈரமா இருக்கு?”

பதில் சொல்ல வேண்டியவர் பெரும்பாலும் வானத்தைப் பார்ப்பார்.

படக்காரம்மாவுக்கு வயது நாற்பத்தேழு. ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கும் வேலை, இருபத்திரண்டு வருடமாக. அதனால்தான் இந்தப் பெயர். பயந்த சுபாவம். வீட்டைப் பூட்டி நான்கு படி இறங்கி, மறுபடி ஏறி, பூட்டை இழுத்துப் பார்ப்பார். லிஃப்டில் ஏழு பேர் நின்றால் எட்டாவதாக ஏற மாட்டார். அடுப்பை அணைத்தோமா என்று பாதி வழியில் இறங்கித் திரும்பி வந்த நாட்கள் உண்டு. ஆனால் அவருடைய பயம் வெறும் பிரமை என்று சொல்லிவிட முடியாது. டேஷ்போர்டில் இடிக்கும் முழங்கால் இடுப்பு மூட்டை எப்படிப் பின்பக்கமாகக் கழற்றிவிடும், ஸ்டியரிங் எந்த விலா எலும்புகளை முதலில் நொறுக்கும் என்பதெல்லாம் அவருக்குக் கருப்பு வெள்ளையில் அத்துப்படி. செய்தித்தாளில் நாம் ஒரு வரியாகப் படித்துவிட்டுப் பக்கம் புரட்டும் விபத்துகள், அவர் மேஜைமேல் படுத்து, “வலிக்குதும்மா” என்று சொன்னவை.

இப்படிப்பட்டவருக்கு ஆசை வந்தது. சாதாரண ஆசையா? இரண்டே பேர் உட்காரக்கூடிய, தரையோடு தரையாக ஓடுகிற, பின்சக்கரம் தள்ளுகிற, கையால் கியர் மாற்றுகிற ஸ்போர்ட்ஸ் கார். புதிதாக வாங்குவது இந்த ஜென்மத்தில் நடக்காது. பழையதாக ஒன்று.

கணவர் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். முதலில் சிரித்தார், பிறகு கேட்டார்.

“ஏம்மா, பூட்டை நாலு தடவை இழுத்துப் பாக்கற ஆளு நீ. உனக்கு எதுக்கு இந்தப் பந்தயக் குதிரை?”

“நாள் முழுக்க ‘அசையாதீங்க, மூச்சை இழுத்துப் பிடிங்க’ன்னு மத்தவங்ககிட்ட சொல்லிட்டு இருக்கேங்க. எனக்குன்னு அசையற பொருள் ஒண்ணு வேணாமா?”

“நம்ம வண்டி அசையலையா?”

“அது நகருது.”

படக்காரம்மா விடவில்லை. “நம்ம வண்டியில முன் சக்கரம்தான் இழுக்கணும், அதேதான் திரும்பவும் செய்யணும். ஒரே ஆளு மாவும் பிசைஞ்சுக்கிட்டு, வந்தவங்ககிட்ட நின்னு பேசவும் செஞ்சா ரெண்டும் உருப்படுமா? பின் சக்கரம் தள்ளுற வண்டியில முன் சக்கரத்துக்கு ஒரே வேலை. என்ன நடக்குதுன்னு கைக்குத் தெரியும்.”

“மழையில வாலை ஆட்டுமாமே?”

“ஆட்டும். அதுக்குத்தான் பயப்படறேன். அதுக்குத்தான் வேணும்.”

கியர் விஷயத்திலும் அவருக்கு ஒரு நியாயம் இருந்தது. தானாக மாறும் கியர்தான் அவருக்குப் பயம். “எனக்குத் தெரியாம எனக்குக் கீழ எதுவும் நடக்கக் கூடாது” என்பார். பயந்தவர்கள் சொகுசைத் தேடுவார்கள் என்று நாம் நினைக்கிறோம். உண்மையில் அவர்கள் தேடுவது தகவலைத்தான்.

எக்ஸ்ரே அறையில் ஒரு விதி உண்டு: ஒரு எலும்பை ஒரு கோணத்தில் மட்டும் படம் எடுத்து நம்பக்கூடாது. நேராக எடுத்த படத்தில் முழுசாக இருக்கும் எலும்பு, பக்கவாட்டுப் படத்தில் இரண்டு துண்டாக நிற்கும். படக்காரம்மா வண்டிகளையும் அப்படித்தான் பார்த்தார். நேராக ஒரு முறை, டார்ச்சைத் தரையோடு சாய்த்துப் பக்கவாட்டில் ஒரு முறை. சீட் பெல்ட்டைக் கடைசிவரை உருவிப் பார்த்தார். வெள்ளத்தில் மூழ்கிய வண்டியைக் கழுவுகிறவர்கள் பெல்ட்டின் உள்சுருளைக் கழுவ மறந்துவிடுவார்கள், சேற்றுக்கோடு அங்கே காத்திருக்கும். மூன்றாவது வண்டி அப்படித்தான் மாட்டியது. ஐந்தாவதில் கிளட்ச் வழுக்கியது. ஆறாவது, இரண்டாம் கியர் போட்டால் பல்லை நறநறவென்று கடித்தது. மற்றவற்றைத் துரு தின்றிருந்தது.

இன்னொரு விதியை அவரே வகுத்துக்கொண்டார். “முதல்ல படுக்கணும், அப்புறம்தான் உக்காரணும். உக்காந்துட்டா மனசு போயிடும்.”

எட்டாவது வண்டியில் அந்த விதியை அவரே உடைத்தார்.

அன்று மழை பெய்து ஓய்ந்திருந்தது. முற்றமெல்லாம் தண்ணீர். அந்த வண்டி தனியாக, மூக்கைத் தெருப்பக்கம் நீட்டிக்கொண்டு நின்றது. கரும்பச்சை நிறம். பன்னிரண்டு வயது என்றால் யாரும் நம்ப மாட்டார்கள். இந்த மாதிரி வண்டிக்கு இருக்க வேண்டிய விலையைவிடக் குறைவாகவே எழுதி ஒட்டியிருந்தது. வியாபாரி கனிவான மனிதர். மூச்சுக்கு மூச்சு அக்கா.

“அக்கா, இது ராசியான வண்டி அக்கா. வந்து மூணு நாள்தான் ஆகுது, எனக்குத் தொட்டதெல்லாம் துலங்குது.”

“ராசி எந்தப் பக்கம் இருக்கு தம்பி? பெட்ரோல் டேங்க் பக்கத்திலயா?”

வியாபாரி வாய்விட்டுச் சிரித்து, சாவியை அவர் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினார். “நீங்க ஒரு சுத்து ஓட்டிட்டு வாங்க. அப்புறம் பேசுங்க.”

படக்காரம்மா விரிப்பைப் பார்த்தார், தண்ணீரைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார். உட்கார்ந்துவிட்டார்.

ஓட்டினார். வாத்தியார் பக்கத்து இருக்கையில் இரண்டு கையாலும் கதவைப் பிடித்துக்கொண்டு, பாடத்தில் இல்லாத சில எண்களை முணுமுணுத்தார். ரவுண்டானாவில் ஈரம். இரண்டாம் கியரில் கொஞ்சம் அழுத்தியதும் பின்பக்கம் ஒரு சாண் அளவுக்கு விலகியது. படக்காரம்மா வீறிட்டார், ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் ஒடித்தார், வண்டி சொன்ன பேச்சைக் கேட்டு நேரானது. பிறகு அவர் சிரித்த சிரிப்பை, கல்யாணமாகி இருபது வருடத்தில் தான் கேட்டதில்லை என்று வாத்தியார் சொல்கிறார்.

திரும்பி வரும் வழியில் ஒரு வேகத்தடை. ஏறி இறங்கியபோது இருக்கைக்குப் பின்னால் ஒரு சின்னச் சத்தம். காய்ந்த குச்சியை யாரோ மெல்ல வளைத்த மாதிரி. படக்காரம்மாவுக்குக் கேட்டது. கேட்கவில்லை என்று தன்னிடமே சொல்லிக்கொண்டார். ஆசை வந்தால் யாருக்கும் காது மந்தமாகும். அவருக்கு மட்டும் ஆகக்கூடாதா?

முற்றத்தில் வியாபாரி பெயர், வேலை, முகவரி எல்லாம் கேட்டு எழுதினார்; காகிதம் தயார். ‘வண்டியை உள்ளது உள்ளபடி பார்த்துத் திருப்தியடைந்து ஏற்றுக்கொள்கிறேன்.’ இந்த ஒரு வரியைக் கவனியுங்கள். விற்கிறவன் மறைத்ததையெல்லாம் வாங்குகிறவன் பார்த்துவிட்டதாகச் சாட்சி சொல்லும் வரி இது. குற்றம் செய்தவன் கையிலிருந்து குற்றத்தை வாங்கி, ஏமாந்தவன் மடியில் கட்டிவிடும் வரி. அதற்குக் கீழே கையெழுத்துப் போட நாம் பேனா இரவல் கேட்கிறோம்.

படக்காரம்மாவின் பேனா காகிதத்தின் மேல் நின்றது. “தம்பி, அஞ்சு நிமிஷம். ஒரு தடவை அடியில பாத்துடறேன்.”

“ஐயோ அக்கா, தரையெல்லாம் தண்ணி. துணி பாழாயிடும்.”

தன் துணியைப் பற்றி ஒரு வெளியாள் இவ்வளவு கவலைப்பட்டது அவருக்குப் புதிது. விரிப்பைக்கூடப் போடாமல் தண்ணீரிலேயே படுத்துவிட்டார்.

நேராகப் பார்த்தபோது குறையில்லை. அடிப்பாகம் முழுவதும் கருப்புப் பூச்சு. ஆனால் இருக்கைகளுக்குக் கீழே, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை ஒரு கை அகலத்துக்கு மட்டும் பூச்சு புதிதாக, தடிமனாக இருந்தது. டார்ச்சைச் சாய்த்தார். பூச்சுக்கு அடியில் நீளமாக ஒரு தழும்பு புடைத்துக்கொண்டு எழுந்தது. முறிந்து கூடிய எலும்பில் இப்படி ஒரு புடைப்பு இருக்கும்; ஆயிரம் முறை பார்த்திருக்கிறார். ஆனால் எலும்பு தானாக வளர்ந்து கூடும். இரும்பு வளராது.

இது ஒரு வண்டி இல்லை. இரண்டு. பின்பக்கம் நசுங்கிய ஒன்றின் முன்பாதியும், முன்பக்கம் நசுங்கிய இன்னொன்றின் பின்பாதியும். நடுவில் அறுத்து, பற்றவைத்து, பச்சை அடித்திருக்கிறார்கள். அடுத்த மோதலில் அது அந்தத் தழும்பிலேயே விட்டுப்போகும். தண்ணீரில் கிடந்தபடி படக்காரம்மா யோசித்தார்: அந்த இரண்டு வண்டிகளிலும் இருந்தவர்கள் யார்? என் மேஜைக்கு வந்தார்களா? ‘மூச்சை இழுத்துப் பிடிங்க’ என்று நான் சொன்னபோது அவர்களால் பிடிக்க முடிந்ததா?

எழுந்து வியாபாரியிடம் போனார்.

“தம்பி, இதை வெட்டி ஒட்டியிருக்காங்க.”

வியாபாரியின் முகத்தில் கனிவு குறையவே இல்லை. “யாரு சொன்னா அக்கா? பிடிக்கலேன்னா விட்டுடுங்க. கட்டாயமா என்ன? அடுத்த பார்ட்டி வாசல்ல நிக்குது.” பிறகு இன்னும் மெல்ல: “எந்த ஆஸ்பத்திரின்னு சொன்னீங்க? ராத்திரி டியூட்டியும் உண்டுல்ல? தனியாத்தானே வருவீங்க? பாத்து வாங்க அக்கா.”

இந்த அக்காவில்தான் அவருக்கு முதுகு சில்லிட்டது.

வாசலில் நின்றது ஒரு ரொட்டி சுடுகிறவரும் அவர் மகளும். வேலையிலிருந்து நேராக வந்திருக்கிறார், புருவத்தில் மாவு. மகளுக்கு லைசென்ஸ் கிடைத்து மூன்று வாரம். அவள் ஓடி வந்து உட்கார்ந்து, கால்களை நீட்டிப் பார்த்துக் கத்தினாள்: “அப்பா, பெடல் எட்டுது!”

“எட்டாம? யாரு பொண்ணு நீ! மெதுவா பாப்பா, கிளட்சை மெதுவா விடணும்” என்று ரொட்டிக்காரர் மறுபக்கம் ஏறினார்.

வாத்தியார் மனைவியின் முழங்கையைப் பிடித்தார். “வாம்மா, போயிடலாம். நமக்கு எதுக்கு வம்பு? அவன் பேசினதைக் கேட்டல்ல?”

“அந்தப் பொண்ணுக்குப் பத்தொன்பது வயசுகூட இருக்காதுங்க.”

“நான் வீட்டுக்குப் போய் யாருக்காவது எழுதிப் போடறேன்.”

“எழுதி?”

இருவரும் வாசல்வரை நடந்தார்கள். நடக்கும்போது படக்காரம்மா மனதில் ஊர் பேசப்போவது முழுவதும் ஓடியது. மழை என்பார்கள். வேகம் என்பார்கள். சின்னப் பெண் கையில் இந்த வண்டியைக் கொடுக்கலாமா என்று அந்த அப்பனைக் கேட்பார்கள். விதி என்று ஒருவர் பெருமூச்சு விடுவார், எல்லோரும் கலைந்து போவார்கள். பற்றவைப்பு என்று ஒருவரும் சொல்ல மாட்டார்கள். படம் எடுக்கிற ஒருத்திக்கு மட்டும் தெரிந்திருக்கும். அவளும் அறைக்குள் நின்று, அசையாதீங்க என்பாள்.

பின்னால் எஞ்சின் உறுமியது. இரண்டு முறை அணைந்து, மூன்றாம் முறை பிடித்துக்கொண்டது. வண்டி தெருவை நோக்கி உருளத் தொடங்கியது.

வாத்தியார் திரும்பிப் பார்ப்பதற்குள் முழங்கை அவர் கையிலிருந்து நழுவியிருந்தது. சொட்டச் சொட்ட நனைந்த துணியோடு படக்காரம்மா வாசலின் நடுவில் போய் நின்றார். வண்டி குலுங்கி, அவர் முழங்காலுக்கு ஒரு முழம் முன்னால் நின்றது. உள்ளே பெண் திகைத்துப் பார்த்தாள். ரொட்டிக்காரர் எட்டி ஹாரனை அழுத்தினார். “என்னம்மா, கண்ணு தெரியலையா? தள்ளும்மா!” வியாபாரி முற்றத்திலிருந்து ஓடி வந்துகொண்டிருந்தார். படக்காரம்மாவின் உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. இரண்டு உள்ளங்கைகளையும் சூடான பானட்டின் மேல் விரித்து வைத்தார். எடுக்கவில்லை.

உங்கள் வண்டிக்கு முன்னால் என்றைக்காவது ஒருவர் இப்படி வந்து நின்றால், தயவுசெய்து ஹாரன் அடிக்காதீர்கள். எஞ்சினை அணையுங்கள். இறங்குங்கள். அவருக்குப் பேச்சு வரும்வரை பக்கத்தில் நின்று, என்னவென்று கேளுங்கள்.