வாசலில் புல்லுருவி

தேயிலைத் தோட்டத்துப் பங்களாவில் சமைத்துப் போட்டு, அறைகளைக் கூட்டிப் பெருக்குவது என் வேலை. முன்பு துரை குடியிருந்த வீடு அது. இப்போது விடுமுறைக்கு வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடுகிறார்கள். போன டிசம்பரில் கோலாலம்பூரிலிருந்து காரில் மலையேறி ஒரு தகப்பனும் மகளும் வந்தார்கள். தமிழ்க் கிறிஸ்தவர்கள். தகப்பன் அவர்கள் சபையில் மூப்பராம். மகள் சில வருடம் இங்கிலாந்தில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவள்.

வந்த அன்றே அந்தப் பெண் கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டி, இந்தச் செடி பக்கத்துக் கியா பார்ம் சந்தைக் கடைகளில் கிடைக்குமா என்று கேட்டாள். தடித்த இலை, சின்னச் சின்ன வெள்ளைக் காய். கிறிஸ்மஸுக்கு இங்கிலாந்தில் வாசல் நிலையில் கட்டித் தொங்கவிடுவார்களாம். பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அது புல்லுருவி. என் வீட்டுக்காரர் தோட்டத்து நிழல்மரங்களைப் பராமரிக்கிற ஆள். பறவை எச்சத்தோடு கிளையில் விழுந்து முளைத்து, அந்த மரத்தின் சாற்றையே குடித்து வளர்கிற அதை, நீளக் கழியில் அரிவாளைக் கட்டி அறுத்துத் தள்ளுவதுதான் பல நாள் அவருக்கு வேலை. எங்கள் தொழிலாளர் லயன் வீடுகளில் ஒருவரைப் புல்லுருவி என்று சொன்னால் சண்டை வந்துவிடும்.

கடையில் விற்கமாட்டார்கள், மரத்தில் இருக்கிறது என்று மட்டும் சொல்லி வைத்தேன். வீட்டில் சொன்னபோது அவர் சாப்பாட்டை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"நாங்க வெட்டி எறியறத வாசல்ல கட்டப் போறாங்களா? நீ சரியாத்தான் கேட்டியா?"

எனக்கே சந்தேகம்தான். ஆனாலும் மறுநாள் ஒரு கொத்து கொண்டுவந்தார். காய் வெள்ளையாக இல்லை, மஞ்சளாக இருந்தது. பரவாயில்லை, இதுவும் அதற்குச் சொந்தக்காரச் செடிதான் என்றாள் அந்தப் பெண். அவர் ஸ்டூலில் ஏறிக் கட்ட, நான் கீழே பிடித்துக்கொண்டேன். இறங்கி இருவரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தபோது, இதன் அடியில் சேர்ந்து நிற்கிறவர்கள் முத்தம் கொடுத்துக்கொள்ள வேண்டும், அதுதான் வழக்கம் என்று அவள் சிரித்தபடி சொன்னாள். என் வீட்டுக்காரர், தோட்டத்து லோரி வந்திருக்கும் என்று முணுமுணுத்துவிட்டு நடந்தார். இருபது வருடத்தில் அவர் அவ்வளவு வேகமாக நடந்து நான் பார்த்ததில்லை.

சாயங்காலம் உலாவிவிட்டு வந்த மூப்பர் வாசலிலேயே நின்றுவிட்டார். என்னைக் கூப்பிட்டு, "இது வேதத்துல எங்கயும் இல்லம்மா. அவுத்துடுங்க," என்றார். மகளோ, "இருக்கட்டும்க்கா," என்றாள். ஸ்டூலை எடுத்துவருவதா வேண்டாமா என்று தெரியாமல், துணியில் கையைத் துடைத்துக்கொண்டே நின்றேன்.

அவர்கள் பேசிக்கொண்டது முழுவதும் என் காதில் விழுந்தது. கிறிஸ்மஸ் மரமும்தான் வேதத்தில் இல்லை, ஜெர்மன்காரர்கள் வீட்டுக்குள் வைக்கத் தொடங்கியதுதானே என்றாள் மகள். இயேசு பிறந்தது டிசம்பர் என்றுகூட எழுதியிருக்கவில்லையாம். இங்கிலாந்துக் குளிரில் மற்ற மரங்கள் மொட்டையாக நிற்க, புல்லுருவி மட்டும் பச்சையாக இருக்குமாம். அதனால் இயேசுவுக்கு முந்திய காலத்துப் பூசாரிகளே அதை வெட்டிப் பூசை செய்தார்களாம். முத்தம் கொடுக்கிற வழக்கமோ வெகு பின்னால் வந்ததாம். பெரிய வீட்டு வேலைக்காரர்கள் சமையல்கட்டில் தொடங்கியது என்கிறார்களாம்.

எனக்குத் தலை சுற்றியது. பூசாரிகள் கும்பிட்டதும் வேலைக்காரர்கள் விளையாடியதும் இயேசுவின் பிறந்தநாளில் எப்படி வந்து சேர்ந்தன? இங்கே மார்கழியில் எந்த மரம் மொட்டையாகிறது? மலை முழுக்கப் பச்சைதானே. கேட்க வாயெடுத்தேன்; மூப்பர் முகத்தைப் பார்த்து விட்டுவிட்டேன். அவர் என்னைவிடக் குழம்பிப்போயிருந்தார்.

"அப்ப எதுதாம்மா நம்மளோடது?" என்று மகளிடம் கேட்டார். கோபத்தில் இல்லை, உண்மையாகவே கேட்டார். அவள் ஸ்டூலில் ஏறித் தானே கொத்தை அவிழ்த்துக்கொண்டுபோய்ச் சமையல்கட்டுக் கதவில் கட்டினாள்.

கிறிஸ்மஸ் காலையில் தானா ராத்தா டவுனுக்கு ஆராதனைக்குப் புறப்படுமுன், தேநீர் கேட்டு மூப்பர் சமையல்கட்டுக்கு வந்தார். கதவருகே காத்திருந்த மகள் அவர் கன்னத்தில் ஒரு முத்தம் கொடுத்துவிட்டு ஓடினாள். அவர் கன்னத்தைத் தடவிக்கொண்டு அப்படியே நின்றார்.

"இப்ப அவுத்துடவா ஐயா?" என்று கேட்டேன்.

"தெரியலம்மா," என்றார். "இருக்கட்டும்லா. நாளைக்குப் பார்ப்போம்."

மறுநாளும் அதைப் பற்றி ஒன்றும் சொல்லாமலே ஊருக்குப் போய்விட்டார்கள். இலை காய்ந்து உதிர்ந்து சட்டிகளில் விழத் தொடங்கிய பிறகு நானே அவிழ்த்தேன். அதை எதற்காகக் கட்டினோம் என்று யாராவது கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேனோ, இன்னும் எனக்குத் தெரியவில்லை.