சார்ஜ் யாருடைய சொல்?

அன்று என் கை பிழைத்தது ஸ்பேனர் நழுவியதால்தான். கும்மிடிப்பூண்டியில் பழைய இரும்பை உருக்கும் ஆலை ஒன்றில் நான் எலக்ட்ரீஷியன். லைனை ஆஃப் செய்யச் சொல்லிவிட்டு, பம்ப் மோட்டாரின் டெர்மினல் பெட்டிக்குள் கைவிட்டிருந்தேன். ஸ்பேனர் கீழே விழுந்தது. எடுக்கக் குனிந்தேன். தலைக்கு மேல் படீரென்று பொறி பறந்தது.

சுவிட்ச் ரூமிலிருந்து கமால் பாய் ஓடி வந்தார். "இன்னா நைனா, நீதானே சார்ஜ் பண்ணுன்னு கத்துன?"

கத்தியது நான் இல்லை. உலை ஃபோர்மேன் ஏசுதாஸ், கிரேன் ஓட்டுபவரிடம் கத்தியிருக்கிறார். இரைச்சலில் அது யார் குரல் என்று பாய்க்குப் பிடிபடவில்லை. உலைக்காரர்களுக்கு சார்ஜ் என்றால் உள்ளே இரும்பைக் கொட்டுவது. எங்களுக்கு லைனில் கரண்ட் விடுவது.

மறுநாள் மேனேஜர் அறையில், உலைக்காரர்கள் அந்த வார்த்தையை விட வேண்டும் என்றேன்.

ஏசுதாஸ் சீறினார். "இருவது வருசமா சொல்லிக்கினு கீறோம். உனுக்காக மாத்திக்கணுமா?"

"ரெண்டு பேரும் பேசி முடிச்சுக்கோங்க" என்று மேனேஜர் கழன்றுகொண்டார்.

நான் விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை பொன்னேரி நூலகத்தில் தடிமனான ஆங்கில அகராதியைப் பிரித்தேன். தமிழ் வழியில் படித்தவன். வரிவரியாக விரல் வைத்துத்தான் படிக்க முடிந்தது. சார்ஜ் என்பது லத்தீனில் வண்டியைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்ததாம். வண்டியில் பாரம் ஏற்றுவதுதான் முதல் பொருள். துப்பாக்கியில் வெடிமருந்து அடைப்பது பிறகு. மின்சாரம் அதற்கும் பிறகு. குற்றம் சாட்டுவதற்கும் அதே சொல். தமிழிலும் குற்றத்தைச் சுமத்துவது என்றுதானே சொல்கிறோம்! ஏசுதாஸை மடக்கப் போனவன், அவர் பக்கமே நியாயம் என்று தெரிந்து எரிச்சலோடு திரும்பினேன்.

திங்கட்கிழமை அவரிடமே சொன்னேன். "நீங்க சொல்றதுதான் கரெக்டுண்ணா. நாங்க விட்டுடறோம்."

அவர் சிரிக்கவில்லை. "உன் கை போயிருந்தா, நான் கரெக்டா இருந்து இன்னா பிரயோஜனம்?"

அன்றிலிருந்து எங்களுக்கு 'பவர் கொடு' மட்டும்தான். அதோடு, வேலை பார்ப்பவரே சுவிட்சை ஆஃப் செய்து பூட்ட வேண்டும் என்று மேனேஜரிடம் சொன்னேன்.

"ஒவ்வொரு தடவையும் பூட்டா? ப்ரொடக்ஷன் இன்னா ஆவறது?" என்றார் மேனேஜர்.

"பூட்டு இல்லாம நான் கை வைக்க மாட்டேன் சார்."

ஏசுதாஸ் என் பக்கம் வந்து நின்றார். "நானும் உலைய நிறுத்திடுவேன் சார்." அடுத்த வாரம் பூட்டுகள் வந்தன.

புதிதாக வேலைக்கு வருபவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: நீங்கள் சொன்னது எதிரே இருப்பவருக்கு என்னவாகக் கேட்டது என்று கேளுங்கள். பூட்டின் சாவியை உங்கள் பையில் வைத்துக்கொண்டு கேளுங்கள்.